குமாஸ்தாவின் கோபம்

கதையில் ராஜினாமாக் கடிதம் எழுதுவதைப்போலச் சுலபமான காரியம் வேறொன்று இல்லை. கடைசிப் பக்கம் வரையில் மானேஜர் அதட்டிக்கொண்டே இருப்பார்; கதாநாயகன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். கடைசிப் பக்கத்தில் அவன் ஒரு காகிதத்தை எடுத்து நாலு வரி எழுதி மேஜைமேல் வைத்துவிட்டுத் தலை நிமிர்ந்து வெளியே வருவான். வெளியே நல்ல காற்று வீசும். படிக்கிறவருக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல இருக்கும். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, மறுநாள் காலை ஒன்பது மணி பஸ்ஸைப் பிடித்து, தம்முடைய மானேஜருக்குக் 'குட்மார்னிங் ஸார்' சொல்ல அவர் கிளம்பிவிடுவார்.

இந்த மாதிரிக் கதைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் ஒன்றிலாவது, ராஜினாமாச் செய்தவன் அடுத்த மாதம் வீட்டு வாடகைக்கு என்ன செய்தான் என்று ஒரு வரி கண்டதில்லை. வேலையை உதறிவிட்டுப் போகக் கூடியவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் சிலர். உதற முடியாமல், நாளைக்கும் அதே நாற்காலியில் போய் உட்காருகிறவர்கள்தான் பலர். உத்தியோக வாழ்க்கையின் கதை இந்தப் பலரிடம்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

எழுத்தை நம்பிப் பிழைக்கத் துணிவதற்கு முன்பு நானும் சில ஆண்டுகள் ஒரு காரியாலயத்தில் இருந்தேன். எந்தக் காரியாலயம் என்பது இங்கே வேண்டாத விஷயம். எங்கள் மேலதிகாரி கொடுமைக்காரர் அல்லர். நிமிர்ந்து பார்க்காமல் பேசுவார். தப்பு அகப்பட்டால் கட்டை மேஜையின் விளிம்புக்குத் தள்ளுவார். அது கீழே விழுந்தால் நாம்தான் பொறுக்கிக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் அவர் செய்த கொடுமை. ஆனால் இந்த இவ்வளவைத் தாங்குவதற்கு எங்கள் பதினான்கு பேரும் செய்த உபாயங்களை எழுதினால் ஒரு புராணம் ஆகும். ஹெட் கிளார்க் தினமும் காலையில் பியூனிடம் "இன்னிக்கு வெயிலா, மழையா?" என்று கேட்பார். பியூன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து விரலால் ஜாடை காட்டுவான். மழையென்றால் கையெழுத்துக்கு ஒரு காகிதமும் உள்ளே போகாது. ஒரு பையன் மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டிய பதிலையெல்லாம் பஸ்ஸில் போகும்போது வாய்க்குள் சொல்லிப் பார்ப்பான். எதிர் ஸீட்டுக்காரர்கள் அவனை மந்திரம் ஜபிக்கிறவன் என்று நினைத்திருக்கலாம். இன்னொருவர் மாற்றல் மனுவும் சனிக்கிழமை ஆஞ்சநேயருக்கு வடைமாலையுமாகக் காலம் தள்ளினார். எல்லாரும் சேர்ந்து அவருக்குத் 'துர்வாசர்' என்று பெயர் வைத்திருந்தோம். அந்தப் பெயர் எங்களுக்குத் தந்த ஆறுதலைச் சம்பளம் தரவில்லை.

ஒருவர் மட்டும் இந்த எதிலும் சேரமாட்டார். கட்டு கீழே விழுந்தால் சிரித்த முகத்தோடு பொறுக்கிக்கொண்டு வருவார். மகான் என்றே அவரை நினைத்தோம். பிறகு ஒரு சமயம் அவர் குடியிருந்த வீட்டுக்கு எதிர் வீட்டில் இருந்த ஒருவரோடு பழக்கம் ஏற்பட்டது. சாயங்காலம் ஆறு மணிக்குமேல் அந்த வீட்டில் குழந்தைகள் உரக்கப் பேசுவதில்லை என்று அவர் எனக்குச் சொன்னார்.

கோபம் எங்கேயாவது போய்த்தான் தீரும். அது எங்கே போகிறது என்று பின்னாலேயே நடந்து போய்ப் பார்க்கிறவன்தான் இந்த விஷயத்தை எழுதத் தகுதியுள்ளவன். ராஜினாமாக் கதைகளை எழுதுகிறவர்கள் அப்படிப் போய்ப் பார்ப்பதில்லை. கோபத்தை அது பிறந்த இடத்திலேயே, மேலதிகாரியின் மேஜைமேலேயே செலவழித்துவிடுகிறார்கள். வாழ்க்கையில் அது மிக அபூர்வமாகவே அங்கே செலவாகிறது.

ஆர். கே. நாராயணின் 'மாதம் நாற்பத்தைந்து' என்ற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்டாலும் அதில் வரும் வீடும் தெருவும் நம்முடையவை. வெங்கட்ராவ் ஒரு கம்பெனி குமாஸ்தா. சம்பளம் நாற்பது ரூபாய். குழந்தை சாந்தா விழித்திருக்கும்போது அவன் வீட்டில் இருப்பதில்லை. ஒருநாள் சாயங்காலம் அவளைச் சினிமாவுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டான். குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரமே வந்து, நல்ல கவுன் போட்டு, பவுடர் பூசி, ரிப்பன் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறது. ஐந்து மணிக்குப் போக அனுமதி கேட்ட வெங்கட்ராவுக்கு மானேஜர் இல்லையென்றுவிடுகிறார். அவனுக்கு ரோஷம் வந்துவிடுகிறது. நாற்பது ரூபாய்க்குத் தன்னையும் தன் குழந்தையின் நாட்களையும் விற்றுவிட்டோமே என்று கொதித்து ராஜினாமாக் கடிதம் எழுதுகிறான்.

நமது பத்திரிகைக் கதையானால் இங்கே 'முற்றும்' போட்டுவிடலாம். நாராயண் அதற்குமேல் போகிறார். கடிதத்தோடு நிற்கிற வெங்கட்ராவிடம், அவனுக்கு ஐந்து ரூபாய் சம்பள உயர்வுக்குச் சிபாரிசு ஆகியிருப்பது தெரியவருகிறது. அவ்வளவுதான். ராஜினாமா அந்த நிமிஷமே லீவு விண்ணப்பமாக மாறி, அதுவும் வேண்டாமென்று வாபஸ் ஆகிறது. இரவு ஒன்பது மணிக்கு அவன் வீட்டுக்குப் போகும்போது குழந்தை உடுப்பைக்கூட மாற்றாமல், கவுன் கசங்கிவிடுமே என்று பயந்து உட்கார்ந்தபடியே இருந்து, தூங்கிப் போயிருக்கிறது.

என் நண்பர் ஒருவர் இந்தக் கதையைப் படித்துவிட்டு, "கோழை! ஐந்து ரூபாய்க்கு விலை போய்விட்டான்" என்றார். அப்படிச் சொல்வது எளிது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பயங்கரமாகத் தோன்றுவது அந்த மானேஜர் நல்லவராக இருப்பதுதான். அவர் வெங்கட்ராவை மறக்கவில்லை. அவனுக்காகச் சிபாரிசு செய்திருக்கிறார். கெட்டவனை வெறுக்கலாம். ஐந்து ரூபாய் கூட்டிக் கொடுத்தவனை எப்படி வெறுப்பது? கோபத்துக்கு அந்தக் கணத்தில் முகவரி இல்லாமல் போய்விடுகிறது. அந்த ஐந்து ரூபாயும் சாந்தாவுக்காகத்தான். சினிமா போனதும் சாந்தாவுக்குத்தான். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டு ஆசிரியர் பேசாமல் இருந்துவிடுகிறார். வெங்கட்ராவை அவர் கண்டிக்கவுமில்லை, அவனுக்காகக் கண்ணீர் விடவுமில்லை.

இந்தக் கதையில் கோபம் வீட்டு வாசலுக்கு வரும்போது ஆறிப் போயிருந்தது. ஆறாமலே வந்தால் என்ன ஆகும் என்பதை ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதியிருக்கிறார். அயர்லாந்தின் தலைநகரான டப்ளினைப் பற்றி அவர் எழுதிய 'டப்ளினர்ஸ்' என்ற தொகுதி 1914-இல் வெளியாயிற்று. அதில் 'கௌண்டர்பார்ட்ஸ்' என்று ஒரு கதை. பத்திரத்துக்கு மறுபடி எடுப்பார்களே, அந்த மறுபடிக்கு அப்படிப் பெயர். ஃபாரிங்டன் என்பவன் ஒரு வக்கீல் கம்பெனியில் அந்த மாதிரிப் படி எடுக்கும் குமாஸ்தா. ஆஜானுபாகு. அவனுடைய மேலதிகாரி ஆலீனோ சிறிய உருவம். வழுக்கைத் தலை முட்டைபோல் பளபளக்கிறது. ஆலீனுடைய வடநாட்டு உச்சரிப்பைப் ஃபாரிங்டன் ஒருமுறை நடித்துக் காட்டியது அவர் காதில் விழுந்துவிட்டது. அன்று முதல் இருவருக்கும் ஆகாது. உறவு கெட்ட காரணம் இவ்வளவு அற்பமானது என்பதைக் கவனியுங்கள். காரியாலயத்துப் பகையெல்லாம் அநேகமாக இந்த அளவில்தான் பிறக்கிறது.

கதை நடக்கும் அன்று ஆலீன் பலர் முன்னால், தம்மை முட்டாள் என்று நினைத்துவிட்டாயா என்று கேட்கிறார். ஃபாரிங்டனின் வாயிலிருந்து, அவனே எதிர்பாராமல், அந்தக் கேள்வி தன்னிடம் கேட்பதற்கு நியாயமானது அன்று என்ற பொருளில் ஒரு பதில் வந்துவிடுகிறது. எங்கள் காரியாலயத்துப் பையன் பஸ்ஸில் ஒத்திகை பார்த்தானே, அந்த மாதிரிப் பதில். உலகத்துக் குமாஸ்தாக்களெல்லாம் சொல்ல ஆசைப்பட்டது. இவன் சொல்லிவிட்டான்! சொன்னதற்கு என்ன கிடைத்தது? அடுத்த நிமிஷம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. இனி அந்த இடத்தில் தன் வாழ்வு நரகம்தான் என்பதும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு அவன் செய்வதைத்தான் ஜாய்ஸ் பொறுமையாகப் பின்தொடர்கிறார். கடிகாரத்தை அடகு வைத்து ஆறு ஷில்லிங் வாங்குகிறான். மதுக்கடைக்குப் போகிறான். தான் சொன்ன பதிலை நண்பர்களுக்குச் சொல்கிறான். மன்னிப்புக் கேட்டதை விட்டுவிட்டுத்தான் சொல்கிறான். அவர்கள் கொண்டாடுகிறார்கள், சகபாடி ஒருவன் வந்து அதை நடித்தே காட்டுகிறான். மனிதன் மேலதிகாரியோடு படுகிற அவதியைக் கதையாகத் திருப்பிச் சொல்லி அதில் தானே வெற்றி பெறுவது மிகப் பழைய வைத்தியம். கதை எழுதுகிற நாங்களும் அதே வைத்தியர்கள்தாம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த வைத்தியம் காசு இருக்கிற வரைதான். ஆறு ஷில்லிங் தீர்ந்தது. கைமல்லில் ஒரு சின்னப் பையனிடம் இரண்டு தடவை தோற்றான். போதையும் சரியாக ஏறவில்லை. வீட்டுக்கு வந்தால் அடுப்பு அணைந்து கிடக்கிறது, மனைவி கோயிலுக்குப் போயிருக்கிறாள். அகப்பட்டவன் சின்ன மகன். கைத்தடியை எடுத்து அவனை அடிக்கிறான். அடிக்க வேண்டாம், உங்களுக்காக மாதாவிடம் ஜபம் செய்கிறேன் என்று அந்தக் குழந்தை கெஞ்சுகிறது. கதை அங்கேயே நின்றுவிடுகிறது.

ஒரு சிறு நுட்பத்தையும் சொல்லிவிடுகிறேன். காரியாலயத்தில் இருக்கும் வரை ஜாய்ஸ் இவனைப் பெரும்பாலும் 'அந்த மனிதன்' என்றே குறிப்பிடுகிறார். மதுக்கடையில் நண்பர்களுக்கு நடுவில்தான் அவனுக்குத் தாராளமாகப் பெயர் கிடைக்கிறது. வீட்டுக்குத் திரும்ப டிராமுக்காக நிற்கும்போது மறுபடி பெயரில்லாத ஒரு மனிதனாகிவிடுகிறான். பெயர் போகிற இடமும் வருகிற இடமும் பார்த்தாலே போதும், அவனுக்கு எங்கே உயிர் இருந்தது என்று தெரிந்துவிடும்.

நான் படித்த அளவில் மேலதிகாரியைப் பற்றிய கதைகளில் இதைவிடக் கடுமையான கதை இல்லை. ஃபாரிங்டன்மேல் நமக்கு முதலில் வந்த இரக்கத்தையெல்லாம் கடைசி அரைப் பக்கத்தில் ஜாய்ஸ் பிடுங்கிக்கொள்கிறார். இரக்கம் வந்ததும் வாஸ்தவம், பிடுங்கப்பட்டதும் நியாயம். நமது எழுத்தாளர்களில் பலர் குமாஸ்தாவை ஏழை, ஆகையால் நல்லவன் என்று வைத்துக்கொண்டுவிடுகிறார்கள். அடி வாங்கினவன் அடிப்பான் என்பதை எழுதக் கை வருவதில்லை.

இதுவரை பார்த்தவர்களுக்குக் கோபமாவது வந்தது. கோபமே வராமல், அந்த இடத்தில் பயம் மட்டும் குடியேறிவிட்டவர்களும் உண்டு. இந்த ஜாதியைத் தெரிந்து எழுதியவர் ருஷ்ய ஆசிரியர் செகாவ். 1883-இல், இருபத்து மூன்று வயதில் அவர் எழுதிய 'ஒரு குமாஸ்தாவின் மரணம்' பலருக்குத் தெரிந்திருக்கும். நாடகக் கொட்டகையில் ஒரு சின்ன உத்தியோகஸ்தன் தும்முகிறான். எச்சில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு ஜெனரலின் வழுக்கைமேல் தெறிக்கிறது. அந்த ஜெனரல் இவனுடைய இலாகாவே அல்ல. பரவாயில்லை என்று சொல்லியும் விடுகிறார். இவன் விடுவதாக இல்லை. கொட்டகையில் மன்னிப்பு, இடைவேளையில் மன்னிப்பு, மறுநாள் அவர் வீட்டில் மன்னிப்பு, அதற்கு மறுநாளும் மன்னிப்பு. கடைசியில் அவர் 'வெளியே போ' என்று இரைகிறார். இவன் வீட்டுக்கு வந்து, உடுப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் படுத்துச் செத்துப் போகிறான். ஜெனரலை மேலதிகாரியாக நடந்துகொள்ளும்படி இவன்தான் விடாமல் வற்புறுத்தியிருக்கிறான்.

அதே 1883-இல் செகாவ் 'தடியனும் ஒல்லியனும்' என்று இன்னொரு சிறு கதை எழுதினார். பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள் இருவர் பல வருஷங்கள் கழித்து ரயில் நிலையத்தில் சந்திக்கிறார்கள். கட்டிக்கொள்கிறார்கள், பழைய கதை பேசுகிறார்கள். ஒல்லியன் தான் மரத்தில் சிகரெட் பெட்டி செய்து விற்பதைக்கூடச் சொல்லுகிறான். தடியன் தான் மிகப் பெரிய பதவிக்கு வந்துவிட்டதைச் சொன்னதும் ஒல்லியன் சுருங்கிப் போகிறான். அவனுடைய மூட்டை முடிச்சுகளும் கூடவே சுருங்குகின்றன. பையன் எல்லாப் பொத்தான்களையும் மாட்டிக்கொண்டு விறைப்பாக நிற்கிறான். தடியனுக்குக் குமட்டுகிறது.

இந்தக் கதையின் வரலாறு கதையைவிடச் சுவையானது. முதல் தடவை பத்திரிகையில் வந்தபோது தடியன்தான் ஒல்லியனுக்குப் புதிய மேலதிகாரி. ஆகவே ஒல்லியன் நடுங்கினான். மூன்று வருஷங்கள் கழித்து, 1886-இல், தொகுதியில் சேர்க்கும்போது செகாவ் அந்த உறவை எடுத்துவிட்டார். இப்போது தடியனால் ஒல்லியனுக்கு ஒரு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இருந்தும் அவன் நடுங்குகிறான். ஒரு காரணத்தை அடித்ததனாலேயே சாதாரணமான ஒரு தமாஷ் கதை இலக்கியமாகிவிட்டது. எழுதப் பழகுகிறவர்களுக்கு நான் இந்த உதாரணத்தை அடிக்கடி சொல்வதுண்டு. பயம் உடம்போடு ஒட்டிப் போன பிறகு அதற்கு மேலதிகாரி தேவையில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் சிலர், டெலிபோனில் பேசும்போது தங்களை அறியாமல் எழுந்து நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

செகாவுக்கு முன்னால் கோகோல் இருக்கிறார். அவருடைய 'மேல்கோட்டு' 1842-இல் வந்தது. அதைப் பற்றி எவ்வளவோ பேர் எழுதிவிட்டார்கள். நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். படி எடுத்தே வயதான ஏழைக் குமாஸ்தாவை அதட்டிச் சாகடிக்கிற அந்தப் பெரிய மனிதர், பதவி கைக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே கண்ணாடிக்கு முன்னால் நின்று அதட்டிப் பழகியிருக்கிறார்! கீழே இருப்பவன் பதிலை ஒத்திகை பார்க்கிறான். மேலே இருப்பவர் அதட்டலை ஒத்திகை பார்க்கிறார். குமாஸ்தாவுக்குப் பழி வாங்க கோகோல் ஒரு சந்தர்ப்பம் கொடுக்கிறார் என்பதும் உண்மை. ஆனால் அவன் செத்துப் பேயாக வந்த பிறகுதான் கொடுக்கிறார். உயிரோடு இருப்பவனால் ஆகாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம் ராஜினாமாக் கதைகளும் பேய்க் கதைகளே; அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மானேஜர் அறைக்குள் நம் எழுத்தாளர்கள் கையில் கட்டோடு கதவைத் தட்டிக்கொண்டுதான் போகிறார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர் குறைவு. அமெரிக்கரான மெல்வில் 1853-இல் எழுதிய 'பார்ட்டில்பி' அந்த வகையில் விசேஷமானது. நியூயார்க்கில் வால் தெருவில் தொழில் நடத்தும் ஒரு வக்கீலே அதைச் சொல்லுகிறார். அவரிடம் இரண்டு குமாஸ்தாக்கள். ஒருவர் மத்தியானம் வரையில் தங்கம், அதற்குப்பின் மை கொட்டுவார். மற்றவனுக்கு அஜீரணம், காலையெல்லாம் எரிந்து விழுவான், மத்தியானத்துக்குமேல் சாது. இருவரும் முறை போட்டுக்கொண்டு படுத்துவதால் காலம் ஓடுகிறது என்று வக்கீல் திருப்திப்படுகிறார். சமாளிப்பது கீழே இருப்பவன் மட்டுமல்ல. மூன்றாவதாக வந்த பார்ட்டில்பியை மட்டும் அவரால் சமாளிக்க முடியவில்லை. அவன் சண்டை போடுவதில்லை. எந்த வேலை சொன்னாலும் மிக மரியாதையாக மறுத்துவிட்டு நிற்கிறான். அவனை வெளியேற்றத் தெரியாமல் வக்கீலே ஆபீஸைக் காலி செய்துகொண்டு வேறு கட்டிடத்துக்குப் போய்விடுகிறார்! படிக்கும்போது நமக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் உண்டாகிறது. பார்ட்டில்பி சிறையில் சாப்பிடாமல் செத்துக் கிடக்கும்போது அந்தச் சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை.

நம் மொழிக்கு வருகிறேன். புதுமைப்பித்தனின் 'மனித யந்திரம்' உங்களில் பலர் படித்ததுதான். மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஒரு கடைக் குமாஸ்தா. அவர் கணக்கு எழுத எழுத முதலாளி பணக்காரராகிறார், பிள்ளை மூப்படைகிறார். ஒருநாள் ராத்திரி கல்லாவில் இருக்கிற பணத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு ஓடிவிடலாம் என்று ரயில் நிலையம் வரை போகிறார். பிறகு திரும்பி வந்து பணத்தை இருந்த இடத்தில் வைத்துவிடுகிறார். இதற்கிடையில் செலவான சில்லறைக் காசைத் தம் பேரிலேயே பற்று எழுதிக்கொள்கிறார். முதலாளி அவரை அதட்டினதாகவோ அடித்ததாகவோ கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. கோபம் ஒரு ராத்திரி வேஷம் போட்டுப் பார்த்துவிட்டுக் கணக்குப் புத்தகத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. தப்பி ஓடுகிறபோதுகூடக் கணக்கை மறக்காத அந்தக் கைதான் கதை. பிள்ளையை யந்திரம் என்று தலைப்பில் ஆசிரியர் சொன்னாலும் எனக்கு முழுவதும் அப்படிப் படவில்லை. பற்று எழுதுகிறபோது அவருக்கு ஒரு கௌரவமும் இருக்கிறது. முதலாளிக்குக் கொடுக்க வேண்டாத நேர்மையை அவர் தமக்காக வைத்துக்கொண்டிருக்கலாம் அல்லவா?

அசோகமித்திரனைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. செகந்திராபாத்தில் பிறந்த அவர் 1952-இல் சென்னைக்கு வந்து, எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் 1966 வரை வேலை பார்த்தார். அந்த நாட்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நினைவுகளுக்கு 'மை இயர்ஸ் வித் பாஸ்' என்று பெயர். அதில் ஒரு பகுதி பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடப் புத்தகத்தில்கூடச் சேர்ந்திருக்கிறது. 'பாஸ்' என்ற பெயர் தலைப்பிலேயே இருந்தாலும், அந்தப் பகுதியில் பாஸ் மேலே எங்கேயோ இருக்கிறார். கீழே இருக்கிறவர்கள் ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டு திரிகிறார்கள். அசோகமித்திரனுக்கு அங்கே பத்திரிகைகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்க்கிற வேலை. பார்ப்பவர்களுக்கு இவர் சும்மா இருப்பதாகத் தோன்றும். ஆகையால் வேலையற்ற ஒவ்வொருவரும் இவர் அறைக்கு வந்து உபதேசம் செய்வார்கள்.

அவர்களில் மேக்கப் இலாகாவைச் சேர்ந்த ஒருவர். 'ஆபீஸ் பையன்' என்று பெயர். வயது நாற்பதுக்கு மேல். நடிகனாக, கவிஞனாக, டைரக்டராக வேண்டுமென்று நினைத்து ஸ்டூடியோவுக்குள் நுழைந்தவர். கடைசியில் கூட்டக் காட்சி எடுக்கிற நாட்களில், ஒரு பெரிய பாத்திரத்தில் சாயத்தைக் கரைத்து அங்கே நிற்கிறவர்கள் முகத்திலெல்லாம் அப்புகிற வேலை கிடைத்தது. தம் திறமை பாழாவதற்கு அவர் யாரைக் குற்றம் சொன்னார்? வாசனையா? இல்லை. கொத்தமங்கலம் சுப்புவை! சுப்பு முதலாளிக்கு நெருக்கமானவர். முதலாளி ஒரு காட்சி திருப்தியில்லை என்றால் அதற்குப் பதினான்கு வழி சொல்லக் கூடியவர். தம் சொந்த முறையிலும் நல்ல கவிஞர், 'தில்லானா மோகனாம்பாள்' எழுதியவர். வீடு நிறைய உறவினரை வைத்துச் சோறு போட்டவர். அவர்மேல் இந்த ஆத்திரம் எதற்கு?

அசோகமித்திரன் இதற்குக் காரணத்தை நேரே சொல்லாமல் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுகிறார். நான் சொல்லிப் பார்க்கிறேன். முதலாளியை வெறுத்தால் மறுநாள் அவருடைய வாசலுக்குள் நுழைய முடியாது. வேலை பார்க்க வேண்டுமானால் முதலாளி நல்லவராக இருந்தாக வேண்டும். கெடுப்பவன் பக்கத்தில் இருக்கும் வேறொருவனாக இருக்க வேண்டும். 'ராஜா நல்லவர், மந்திரிதான் கெட்டவன்' என்று நம் குடிகள் காலங்காலமாகச் சொல்லி வந்ததும் இதே உபாயம்தான். எந்தக் காரியாலயத்திலும் ஒரு சுப்பு இருப்பார். பெரும்பாலும் அவர் ஒரு பாவமும் அறியாதவராகவே இருப்பார். நமது சிறுகதைகளில் இந்தப் பாத்திரத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. மேலதிகாரி வருகிறார், குமாஸ்தா வருகிறான். இருவருக்கும் நடுவே நின்று, மேலே போக வேண்டிய ஏச்சையெல்லாம் வாங்கிக்கொள்கிற மூன்றாமவர் வருவதில்லை.

அசோகமித்திரனிடம் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. அவருடைய சிரிப்பு மிக நயமானது. ஆனால் அந்த மேக்கப்காரர் வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்தார் என்று அது நம்மைக் கேட்க விடுவதில்லை. ஜாய்ஸ் கூடவே டிராம் ஏறிப் போயிருப்பார்.

இப்போது குமாஸ்தா என்ற சொல்லே வழக்கொழிந்து வருகிறது. கட்டுகளும் குறைந்துவிட்டன. ஆனால் மேலதிகாரி இரவு பத்து மணிக்குக் கைப்பேசியில் வந்துவிடுகிறார். அவர் அனுப்பியதைத் திறந்து பார்த்ததும் இரண்டு குறிகள் நீலமாகிவிடுகின்றன; பார்க்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. ஃபாரிங்டனுக்காவது காரியாலயத்துக்கும் வீட்டுக்கும் நடுவே நாலு மதுக்கடைகள் இருந்தன. இன்றைக்கு அந்த நடுவழி சுருங்கிக்கொண்டே வருகிறது. கோபம் ஆறவும் வழியில்லை, திரியவும் வழியில்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரிலேயே பிறந்து அங்கேயே இறங்குகிறது. இதை யாராவது எழுத வேண்டும்.

இன்னொன்றும் எழுதப்பட வேண்டும். நமது காரியாலயக் கதைகளில் பெண் வந்தால், அவள் ஸ்டெனோவாக இருப்பாள். மானேஜரின் பார்வை சரியாக இருக்காது. கதை அந்தப் பாதையிலேயே போய்விடும். அது நடப்பதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கூட்டல் தப்பாகப் போனதற்காக ஏச்சு வாங்குகிற பெண்கள், லீவு கிடைக்காத பெண்கள், தன்னைவிட இளையவன் மேலதிகாரியாக வந்து உட்கார்ந்ததைப் பொறுத்துக்கொள்கிற பெண்கள் எவ்வளவு பேர்! அவர்களுடைய கோபம் எங்கே போகிறது? ஃபாரிங்டனைப்போல அடகு வைத்துக் குடிக்க முடியாது. வெங்கட்ராவைப்போல ஒன்பது மணிக்கு வந்து, குழந்தை தூங்கிவிட்டதா என்று யாரையும் கேட்க முடியாது. தூங்க வைக்க வேண்டியவளே அவள்தான். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, கீரைக்காரியிடம் இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்டு, பையை மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு தெரு முனை திரும்புகிற வரைக்கும் ஒரு பத்து நிமிஷம் அவளுக்கு இருக்கிறது. அந்தப் பத்து நிமிஷத்தில் நடக்கிற கதையை ஒரு பத்திரிகையிலாவது பார்த்துவிட வேண்டுமென்று நான் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.